பெரிய வீட்டில் சின்ன அறை

ராஷ்டிரபதி பவனைப் பற்றி நாம் விரும்பிச் சொல்லும் கதைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். எந்தக் கதையிலும் யாரும் அந்த மாளிகையில் முழுதாக வாழ்வதில்லை. ராஜாஜி வைஸ்ராயின் படுக்கையறை வேண்டாமென்று சிறிய அறைக்குப் போகிறார். ராஜேந்திர பிரசாத் சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அப்துல் கலாம் இரண்டு பெட்டிகளோடு வருகிறார், ஐந்து வருடம் கழித்து இரண்டு பெட்டிகளோடு போகிறார். நடுவில் உறவினர்கள் வந்து தங்கிய செலவுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்திலிருந்து கட்டுகிறார். கேட்கும்போது மனம் நெகிழ்கிறது. காமராஜரின் வெறும் பெட்டியையும் கக்கனின் அரசு மருத்துவமனைப் படுக்கையையும் பாடமாகப் படித்து வளர்ந்த சமூகத்துக்கு இந்த நெகிழ்ச்சி கூடக் கொஞ்சம் சுலபமாகவே வரும். ஆனால் நெகிழ்ந்து முடித்த பிறகு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே 340 அறைகள் இருக்கின்றன. சுற்றி 330 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஒரு மனிதர் மிகக் கொஞ்சமாக இடம் எடுத்துக்கொண்டார் என்று நாம் பூரிக்கிற நேரத்தில் மிச்சம் இருக்கும் அறைகள் எங்கேயும் போய்விடவில்லை. அவை பெருக்கித் துடைக்கப்பட்டு, திரைச்சீலை மாற்றப்பட்டு, அப்படியேதான் இருக்கின்றன. இந்த எளிமைக் கதைகள் மாளிகையைக் கண்டிக்கின்றன என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூர்ந்து பார்த்தால், மாளிகையை இத்தனை காலம் யாரும் கேள்வி கேட்காமல் காப்பாற்றி வந்தவையே இவைதானோ என்று தோன்றுகிறது.

ராஜாஜியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் வழக்கத்தை உண்டாக்கியவர் அவர். 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் விடைபெற்றதும் முதல் இந்திய கவர்னர் ஜெனரலாக உள்ளே வந்தார். வைஸ்ராய்கள் உறங்கிய பகுதி அவருக்கு மிகப் பெரிதாகப் பட்டது. விருந்தினர்களுக்கென்று இருந்த பகுதிக்குக் குடிபோனார். அன்றிலிருந்து குடியரசுத் தலைவர்கள் அந்தப் பகுதியிலேயே வசிக்கிறார்கள். விட்டுவந்த அறைகளோ அயல்நாட்டுத் தலைவர்கள் வந்தால் தங்கும் அறைகளாயின. கல்யாணத்துக்கு வந்தவருக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் திண்ணையில் துண்டை விரித்துப் படுக்கும் வீட்டுக்காரரை நாம் மெச்சுவோம். அதனால் வீட்டின் பரப்பு ஒரு சதுர அடியும் குறைவதில்லை. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவரே ஏர் பிடித்து மாளிகை நிலத்தை உழுது கோதுமை விதைத்த நிகழ்ச்சியும் அப்படித்தான். அந்தப் படிமத்தின் அழகை மறுக்கவில்லை. கதர் உடுத்த, மெலிந்த, கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு வக்கீல், பேரரசின் தோட்டத்தில் ஏர் பிடிப்பது சாதாரணக் காட்சியல்ல. ஆனால் அங்கே விளைந்த கோதுமை தேசத்தின் பசிக்கு எந்த மூலைக்கு? அது ஒரு முன்னுதாரணம், அவ்வளவே என்பார்கள். முன்னுதாரணம் என்றால் பின்தொடர ஒருவர் வேண்டும். பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தது சிறிய அறையைத்தான். ஏரை யாரும் தொடரவில்லை. அந்த நிலம் இப்போது மாளிகைக்குக் காய்கறி தரும் தோட்டம்.

வேறொரு வழி இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1931 பிப்ரவரியில் புது தில்லியின் திறப்புவிழாக் கொண்டாட்டங்கள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. காந்தி வைஸ்ராய் இர்வினோடு பேச அந்த மாளிகையின் படிகளில் ஏறினார். சர்ச்சிலுக்கு ஆத்திரமூட்டியதும் அந்தப் படியேற்றம்தான். சுதந்திரம் நெருங்கியபோது அதே காந்தி, இந்த வீட்டை மருத்துவமனையாக மாற்றிவிடலாம் என்று சொன்னார். தில்லி அதைக் கேட்டுக்கொண்டது, செய்யவில்லை. நடைமுறைக் காரணங்கள் இருந்தன. நாடு பிளவுபட்டுக் கொண்டிருந்தது, அகதிகள் ரயில் ரயிலாக வந்துகொண்டிருந்தார்கள், புதிய அரசின் தலைவரை எங்கே குடிவைப்பது என்று தேடிக்கொண்டிருக்க யாருக்கும் அவகாசமில்லை. அந்தக் காரணங்களை நான் ஏளனம் செய்யவில்லை. நெருக்கடி தீர்ந்த பிறகும் கேள்வி திரும்ப எழவில்லை என்பதே விஷயம். எழாததற்குக் காரணம், அதற்குள் ஒரு நல்ல மனிதர் சின்ன அறைக்குக் குடிபோயிருந்தார். வீட்டைப் பற்றிய கேள்வி அதில் வசிப்பவரின் குணத்தைப் பற்றிய கேள்வியாக மாறியிருந்தது. குணத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆகவே வீட்டிலும் குறை இல்லாமல் போயிற்று.

உடனே ஒரு மறுப்பு வரும். இந்த மாளிகையை ஏன் கைவிட வேண்டும், இது நம்முடையதுதானே? ரைசினாவிலும் மால்ச்சாவிலும் உழுதுகொண்டிருந்தவர்களின் நிலத்தை 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துக் கட்டியது. கல் தோல்பூரிலிருந்து வந்தது. சாஞ்சி ஸ்தூபியிலிருந்து குவிமாடத்தின் கைப்பிடி வளையம் வந்தது. சஜ்ஜா (சாய்கூரை), ஜாலி (கல்சாளரம்), சத்ரி (குடைமண்டபம்) எல்லாம் நம் கட்டடக்காரர்களின் சொத்து. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கல் சுமந்து, உளி பிடித்தவர்கள் இந்தியத் தொழிலாளர்கள், செலவு இந்திய வரிப்பணம். அப்படிப் பார்த்தால் 1947இல் நடந்தது அபகரிப்பல்ல, மீட்பு. இந்த வாதத்தில் வலு இருக்கிறது. உரிமை நமக்கே என்பதில் சந்தேகமேயில்லை. ஆனால் உரிமை மாறியதால் வடிவம் மாறிவிடாது. அந்தக் குன்று எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸ் வீதியை எதற்காக அப்படி நேராக இழுத்தார் என்பதற்கு ஒரே ஒரு பதில்தான்: கீழே நிற்பவர் மேலே பார்க்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தலைமைச் செயலகங்களைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கர், தன் கட்டடங்களும் மாளிகையோடு அதே மட்டத்தில் இருக்க வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். 1913இல் இருவரும் ஒப்புக்கொண்ட வீதிச் சாய்வின் விளைவு பிறகுதான் லட்யன்ஸுக்கு உறைத்தது. வீதியில் மாளிகையை நெருங்க நெருங்க அது தரைக்குள் இறங்குகிறது. கடைசி மேட்டின் அடியில் நிற்கும்போது குவிமாடத்தின் உச்சி மட்டும் தலைகாட்டுகிறது. ஏறி முடித்த பிறகுதான் வீடு முழுதாகக் கிடைக்கும். லட்யன்ஸ் இதற்காக ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டித் தோற்றார். தூரத்தில் இருப்பவருக்குக் கம்பீரமாகத் தெரிந்து, கிட்ட வருபவருக்கு மறைந்துகொள்ளும் இந்த வீடு, குடியரசுத் தலைவர் பதவிக்குத் தற்செயலாகவே பொருந்திப்போயிருக்கிறது.

பிற நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்பதும் ஆறுதல் தருவதில்லை. மெக்சிகோவில் லோபெஸ் ஒப்ரடோர் 2018 டிசம்பரில் பதவியேற்ற அன்றே, ஜனாதிபதிகள் வசித்துவந்த லோஸ் பினோஸ் வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். மக்கள் படுக்கையறைகளில் நடந்து திரிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் குடியேறியது எங்கே? நகரின் நடுச்சதுக்கத்தில் இருக்கும் தேசிய அரண்மனைக்குள் ஒரு பகுதியில். முந்தையதைவிடப் பழையது. உருகுவேயின் முஜிகா உண்மையிலேயே மாளிகைக்குப் போகாமல் தன் சிறு பண்ணை வீட்டிலேயே ஐந்தாண்டுகளைக் கழித்தார். உலகமே அவரைக் கொண்டாடியது, மாளிகை அடுத்தவருக்காகக் காத்திருந்தது. நம் நாட்டிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். சிம்லாவில் வைஸ்ராய்கள் கோடைகாலத்தில் ஆண்ட மாளிகையை ராதாகிருஷ்ணன் விட்டுக்கொடுத்தார். 1965இல் அது உயராய்வு நிறுவனமானது. நடன மண்டபங்கள் இருந்த கட்டடத்தில் புத்தக அலமாரிகள் வந்தன. ஆக, முடியாத காரியமல்ல. ஆனால் அங்கேயும் குடியரசுத் தலைவருக்கென்று சிம்லாவுக்குப் பக்கத்திலேயே மஷோப்ராவில் ஓர் ஓய்வில்லம் நீடிக்கிறது. ஒரு மாளிகையைத் துறந்தால் இன்னொன்று கிடைக்கும் என்பது இந்தப் பதவியின் விதி போலிருக்கிறது.

தோட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாளிகை மக்களிடம் காட்டும் எளிமை அதன் வழியாகத்தான் நடக்கிறது. மாளிகைக்குப் பின்னால் 15 ஏக்கரில் லட்யன்ஸ் வரைந்து, தோட்டக்கலை அதிகாரி மஸ்டோ செடி தேர்ந்து நட்ட அந்த இடத்தில், வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஓடும் வாய்க்கால்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் தாமரை இலைகளை அடுக்கடுக்காகச் செதுக்கிய சிவப்புக்கல் நீரூற்றுகள் நிற்கின்றன. ஓரங்களில் வரிசையாக மகிழ மரங்கள். நம் கோயில்களில் வானளாவ வளர்ந்து, அதிகாலையில் காலடியில் பொடிப்பொடியாகப் பூ உதிர்த்துவைக்கும் அதே மரம். அங்கே அதைக் குடைக்காளான் வடிவத்துக்குக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே வட்டம். திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியம் நினைவுக்கு வருகிறது. சன்னதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதென்று, இறைவனை மரத்துக்குப் போயிருக்கச் சொல்லிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தவர், கடைசியில் மரத்தடியிலேயே சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. தர்பார் மண்டபத்தில் அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று அமைச்சர்கள் உறுதிமொழி எடுக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சத்தியத்தின் சாட்சி மரம் காளானாக வெட்டப்பட்டு நிற்கிறது. இதற்கு மேல் இதிலிருந்து அர்த்தம் பிழிய எனக்கு விருப்பமில்லை. வைஸ்ராய்களின் கடைசிக் காலத்தில் இந்தத் தோட்டத்துக்கு 418 தோட்டக்காரர்கள் இருந்ததாகவும், அவர்களில் 50 சிறுவர்களுக்குப் பறவை விரட்டுவது மட்டுமே வேலை என்றும் சொல்வார்கள். இன்று குளிர்காலம் முடியும் தறுவாயில் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்படுகிறது. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், துலிப் வரிசைகளின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு நல்ல நாள்தான், அதைக் குறை சொல்பவன் கசப்பானவனாகத்தான் இருப்பான். இருந்தாலும் ஆண்டில் சில வாரம் திறக்கும் கதவு, மற்ற மாதங்களில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. 2023இல் முகல் கார்டன் அம்ரித் உத்யான் ஆனது. 2024இல் தர்பார் மண்டபம் கணதந்திர மண்டபம் ஆனது. பெயர்ப் பலகை மாற்றுவதும் சின்ன அறைக்குக் குடிபோவதைப் போன்றதே: ஒரு சங்கடத்தைத் தீர்க்கிறது, ஒரு செங்கல்லையும் நகர்த்துவதில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அதிகாரமில்லாத பதவி, அலங்காரமான வீடு; இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு போகட்டுமே. இதுதான் மறுப்புகளில் மிகச் சாமர்த்தியமானது. இதற்குப் பதில் சொல்ல, அந்த வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கையெழுத்து நடக்கிறது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமல்ல. 1975 ஜூன் 25 இரவு, நள்ளிரவை ஒட்டி, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே, பிரதமரின் ஒரு கடிதத்தை வைத்து குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது அவசரநிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அமைச்சரவை மறுநாள் காலை கூடித் தெரிந்துகொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அபு ஆபிரகாம் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தபடியே கையொப்பமிட்ட அவசரச் சட்டத்தைக் கதவிடுக்கு வழியாக நீட்டுகிறார்; இன்னும் இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார். எல்லோரும் அதில் குளியல் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். அபு செய்த பெரிய காரியம் வேறு: மாளிகை முழுவதையும் படத்திலிருந்து எடுத்துவிட்டார். குவிமாடம் இல்லை, தூண் இல்லை, குதிரைப்படை இல்லை. ஒரு கதவு, ஒரு கை, ஒரு தாள். மாளிகையை எடுத்துவிட்டால்தான் கை தெரிகிறது.

கலாமைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் முடியாது, சொன்னால் பலருக்கு வருத்தம் வரும் என்றும் தெரியும். 2005 மே 22 பின்னிரவில் மத்திய அமைச்சரவை கூடி பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. கலாம் மாஸ்கோவில் இருந்தார். கோப்பு ஃபேக்ஸில் போயிற்று; ஒப்புதல் அந்த இரவே ஃபேக்ஸில் திரும்பியது. அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் அக்டோபரில் சொன்னது. விரிவான தீர்ப்பு 2006 ஜனவரியில் வந்தது, அதில் கண்டனம் பெரும்பாலும் ஆளுநர் மேல் விழுந்தது. தான் பதவி விலகவே நினைத்ததாகக் கலாம் பின்னால் எழுதினார். அவர் மனசாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். ஆனால் இன்று தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்: இரண்டு பெட்டிக் கதை தெரியும், மாஸ்கோ இரவு தெரியாது. உறவினர் தங்கிய கணக்கு தெரியும், திருப்பி அனுப்பிய மசோதா தெரியாது. அவருடைய தவறும் மறந்துவிட்டது, அவர் சரியாகச் செய்ததும் மறந்துவிட்டது. நினைவில் நிற்பது அவர் எடுத்துக்கொள்ளாத பொருள்கள் மட்டும். ஒரு குடியரசுத் தலைவரை நாம் விடுதிக் காப்பாளர் அளவுகோலால் அளந்துகொண்டிருக்கிறோம்.

கே. ஆர். நாராயணன் இந்த அளவுகோலுக்குள் அடங்காதவர் என்பதாலோ என்னவோ, நம் எளிமைக் கதைகளில் அவர் அதிகம் வருவதில்லை. கேரளத்துத் தலித் குடும்பத்தில் பிறந்து அந்த வீட்டுக்கு வந்தவர். எந்தப் பெட்டிக் கதையும் தேவைப்படாத பயணம் அது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்க வந்த 356ஆம் பிரிவுப் பரிந்துரையை அவர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அரசு கைவிட்டது. 1998 செப்டம்பரில் பீகாருக்காக வந்ததையும் திருப்பினார். அப்போது வாஜ்பாய் அரசு. கட்சி மாறியது, கை மாறவில்லை. 1998 மக்களவைத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. அவரும் அதே 340 அறை வீட்டில்தான் இருந்தார். ஆகவே பெரிய வீடு கையைக் கட்டிப்போடும் என்று நான் வாதிடவில்லை, அப்படி வாதிட்டால் நாராயணனே அதைப் பொய்யாக்கிவிடுவார். வீடு நம் கண்ணைத்தான் கட்டுகிறது. வசிப்பவர் எத்தனை அறையில் புழங்குகிறார், எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்ற கணக்கிலேயே நம் கவனம் தீர்ந்துபோகிறது. இன்று எந்தத் தாள் வந்தது, எத்தனை நாள் மேசையில் இருந்தது, என்ன கேள்வியோடு போயிற்று என்று கேட்க மிச்சமேதும் இருப்பதில்லை. எளிமையாக இருப்பவரைப் பாராட்டாதே என்றா சொல்கிறாய் என்று கேட்பார்கள். பாராட்டலாம். ஆடம்பரமாக இருப்பவரைவிட எளிமையாக இருப்பவர் மேல்தான். ஆனால் அந்தப் பாராட்டு பதவிக்கான மதிப்பெண்ணாக இருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு, அருங்காட்சியகத்துக்கு உண்டு, காவலர் மாறும் சடங்கைக்கூடப் போய்ப் பார்க்கலாம். மேசைக்கு வரும் தாளுக்கு மட்டும் வழியில்லை. அமைச்சர்கள் குடியரசுத் தலைவருக்கு என்ன ஆலோசனை சொன்னார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. இதற்கு நியாயம் சொல்ல முடியும்: ஆலோசனை அம்பலமாகும் என்ற பயமிருந்தால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். நடந்துகொண்டிருக்கும் அரசுக்கு அது பொருந்தும். இறந்துபோன அரசுகளுக்கு ஏன்? 1975 ஜூன் 25ஆம் தேதிக் கடிதம் நமக்குத் தெரிய வந்தது அவசரநிலை அத்துமீறல்களை ஷா கமிஷன் விசாரித்ததால். விசாரிக்க ஆட்சி மாற வேண்டியிருந்தது. அது வெளிவந்ததால் எந்த அமைச்சரும் பிறகு ஊமையாகிவிடவில்லை. 25 ஆண்டுகள் கடந்த எந்தப் பரிந்துரையையும், அதன்மீது குடியரசுத் தலைவர் எழுதிய குறிப்பையும், நூலகத்தில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி நாடாளுமன்றம் ஒரு சிறிய சட்டம் செய்தால் போதும். ஓர் அறையைக்கூடக் காலி செய்ய வேண்டியதில்லை. அந்தக் கணக்குப்படி நாராயணன் திருப்பி அனுப்பிய இரண்டு கோப்புகளுக்கும் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மாஸ்கோவுக்குப் போய்வந்த ஃபேக்ஸுக்கு 2030 மே மாதம்.